அத்தானின் காதும் ஓர் ஒற்றை சிலிண்டரும்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் பாம்புக்காது என்று பட்டப்பெயர். வைத்தது நான் இல்லை, அவர் வேலை பார்த்த லிஃப்ட் ஆய்வு அலுவலகம். மற்ற ஆய்வாளர்கள் ஒரு லிஃப்ட்டுக்கு அரை நாள் எடுப்பார்கள். மூடியைக் கழற்றுவார்கள், அளப்பார்கள், மறுபடி பூட்டுவார்கள், படிவம் நிரப்புவார்கள். அத்தான் மொட்டைமாடிக்கு மேலே இருக்கும் மோட்டார் அறைக்குப் போய்ச் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொள்வார். கீழே வாட்ச்மேன் நாலு தரம் லிஃப்ட்டை ஏற்றி இறக்க வேண்டும். "இடது பக்கம் பிரேக் கட்டை தேஞ்சிருக்கு, கழட்டிப் பாருங்க" என்பார். கழற்றினால் அப்படியே இருக்கும். முப்பது வருஷத்தில் ஒரு தரம்கூடத் தப்பியதில்லை என்று அவரும் சொல்வார், மற்றவர்களும் சொல்வார்கள். சட்டுபுட்டென்று முடிக்கிறாரே என்று அலுவலகம் அவர் தலையில் இரண்டு பங்கு லிஃப்ட்டுகளைக் கட்டியது. அதையும் பெருமையாகவே வாங்கிக்கொண்டார்.

இந்தக் காதைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். அது எப்படிப் போயிற்று என்பதையும், போனது தெரிந்த பிறகு நாங்கள் எல்லோரும் எப்படி வாயைப் பொத்திக்கொண்டிருந்தோம் என்பதையும். நடுவில் கோபம் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள். பாதிக் கோபம் என் மேல்தான்.

அத்தானுக்கு முப்பத்தெட்டு வயதானபோது மூடப்போகிற ஒரு ஓட்டுத் தொழிற்சாலைக்குச் சாமான் லிஃப்ட் பார்க்கப் போனார். அங்கே கிடங்கு மூலையில், தார்ப்பாய்க்கு அடியில், எலி குடும்பம் நடத்திக்கொண்டிருந்த ஒரு மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். எப்போதோ வந்து போன வெளிநாட்டு இன்ஜினியர் விட்டுவிட்டுப் போனதாம். இத்தாலியில் செய்தது. ஒரே சிலிண்டர், இருநூற்றைம்பது சிசி, சிவப்பு டேங்க். கியர் வலது காலில், பிரேக் இடது காலில், உதைக்கிற கட்டை இடது பக்கம். நம் வண்டிகளுக்கு எல்லாமே நேர்மாறு. பழைய இரும்பு விலைக்கு எடை போட்டு வாங்கி, ஐந்து சாக்குமூட்டையில் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அக்கா மூட்டையைத் தொட்டுப் பார்த்து, "அரிசியா?" என்று கேட்டாளாம். அன்றிலிருந்து அவள் வாயில் அந்த வண்டிக்குப் பெயர் இத்தாலிக்காரி.

சேர்த்துக் கட்ட ஆறு வருஷம் ஆயிற்று. அந்த வண்டியோடு வந்த கையேட்டைப் படிப்பதற்காகவே இத்தாலி மொழி கற்றுக்கொண்டார். அந்த ஊருக்குப் போனால் குடிக்கத் தண்ணீர் கேட்கத் தெரியாது. ஆனால் 'மேல் பல்சக்கரத்தின் இடைவெளியைச் சரிபார்க்கவும்' என்று சுத்தமாகச் சொல்வார். சாப்பிடும்போது, காய்கறி நறுக்கும்போது, பஸ்ஸுக்கு நிற்கும்போது எல்லாம் அந்த எஞ்சின் பேச்சுதான். என் கல்யாணத்துக்கு வந்த ஒரு பல் டாக்டரைப் பிடித்து முக்கால் மணி நேரம் வால்வு பற்றிப் பேசினார், அந்த மனுஷர் சாப்பிடாமலே போனார். எனக்குப் பல் செட் செய்கிற வேலை. அந்த டாக்டர் அதன் பிறகு எனக்கு ஒரு வருஷம் வேலை அனுப்பவில்லை.

அந்த எஞ்சினைப் பற்றிக் கொஞ்சம் சொன்னால்தான் மீதி புரியும். மற்ற வண்டிகளில் மேலே இருக்கிற வால்வுகளைத் திறந்து மூட ஒரு சங்கிலியோ கம்பியோ இருக்கும். இதில் எஞ்சினின் வலது பக்கம் ஒரு குழாய்க்குள் செங்குத்தாக ஒரு தண்டு நிற்கும். தண்டின் இரண்டு முனையிலும் பெவல் கியர் என்கிற சாய்வான பல்சக்கரங்கள். பல்லும் பல்லும் எவ்வளவு நெருங்கிக் கடிக்க வேண்டும் என்பதைத் தலைமுடி கனமுள்ள வாஷர்களைப் போட்டும் எடுத்தும் சரி செய்ய வேண்டும். தளர்ந்திருந்தால் தகர டப்பா மாதிரி கடகடக்கும். இறுகியிருந்தால் மெல்லிசாக ஊளையிடும். கடகடப்பு காதுக்குக் கேடு, அவ்வளவுதான். ஊளைதான் ஆபத்து. இறுகின பல் சூடேறித் தேய்ந்து ஒருநாள் உடையும், உடைந்தால் எஞ்சின் அப்படியே பூட்டிக்கொள்ளும், பின்சக்கரம் நின்றுவிடும். கையேட்டில் அளவுகள் உண்டு. ஆனாலும் கடைசித் தீர்ப்பு காதுதான் என்று அந்தக் கையேடே சொல்கிறதாம்.

அதற்குத்தான் அத்தான் பிறந்தார் என்று நினைத்தோம். கீழ்த்தளத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை, தகர ஷட்டர், ஜன்னல் கிடையாது. தினமும் காலை ஆறரைக்கு அங்கே வண்டியைக் கிளப்புவார். சைலன்சருக்கு உள்ளே இருக்கிற தடுப்பை எடுத்துவிட்டார், அதோடு இருந்தால் எஞ்சின் பேசுவது தெரியாதாம். நீளமான ஸ்குரூ டிரைவர் ஒன்றின் முனையை எஞ்சினில் வைத்து, பிடியைக் காதுக்குப் பின்னால் எலும்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். நான் பல் செட்டைத் தேய்க்கிற மோட்டாருக்கே காதில் பஞ்சடைப்பான் வைத்துக்கொள்கிறவன். "நீங்களும் ஒண்ணு வச்சுக்கங்க அத்தான்" என்று பெட்டியோடு வாங்கிக் கொடுத்தேன்.

"காதை அடைச்சுக்கிட்டு எப்படி மாப்ள கேக்குறது? கண்ணைக் கட்டிக்கிட்டு யாராவது படிப்பாங்களா?" என்றார்.

அந்தப் பெட்டி பிரிக்காமலே கிடந்தது. பன்னிரண்டு பதிமூன்று வருஷம் அந்த அறையில் அந்தச் சத்தம். சிரித்துவிட்டு நானும் விட்டுவிட்டேன். அன்றைக்குச் சண்டை போட்டிருக்க வேண்டும்.

எங்கள் ஊரிலும் பக்கத்து ஊர்களிலுமாக இப்படிப்பட்ட வண்டி ஏழு உண்டு. அந்த ஏழு பேரும் ஞாயிற்றுக்கிழமை காலையில் மூடிப்போன தியேட்டரின் வண்டி நிறுத்துமிடத்தில் கூடுவார்கள். பேக்கரிக்காரர், ஒரு வக்கீல், ஸ்கூல் வேன் ஓட்டுகிறவர், இன்னும் மூன்று பேர். ஒரு திருகாணி அந்தக் காலத்ததா, பிறகு மாற்றியதா என்று ஒன்றரை மணி நேரம் வாதாடுவார்கள். வீட்டில் பெண்டாட்டி பிறந்தநாள் நினைவிருக்காது, எந்த வருஷ வண்டிக்கு எந்த வடிவ டேங்க் மூடி என்பது நினைவிருக்கும். எனக்கு வண்டி கிடையாது. அத்தான் பின்னால் உட்கார்ந்து போவேன், டீ குடிப்பேன், எல்லோரையும் கிண்டல் செய்வேன். ஆனால் ஏழு எஞ்சினும் ஒன்றாக ஓடும்போது எனக்கே நெஞ்சுக்குள் என்னவோ செய்யும். இதை அவர்களிடம் சொன்னதில்லை.

ஏழு எஞ்சினின் பெவல் கியருக்கும் வாஷர் போட்டது அத்தான்தான். கூலி வாங்கியதில்லை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் பேக்கரிக்காரர் தன் எஞ்சினைப் பிரித்தார். வழக்கம்போல அத்தான் கியரைச் சரிசெய்து கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கிளப்பினார்கள். எஞ்சினின் டக்டக்கென்ற தடித்த அடிக்கு மேலே, கொசு காதோரம் வந்தது போல, ஒரு மெல்லிசான ஊளை. எனக்கே கேட்டது என்றால் பாருங்கள். அத்தான் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பிறகு திறந்து, "வெண்ணெய்" என்றார். நன்றாக வந்திருந்தால் அவர் சொல்கிற வார்த்தை அது.

நான் வேன்காரரைப் பார்த்தேன். அவர் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். வக்கீல் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பேக்கரிக்காரர் மட்டும், "ரொம்ப நன்றி சார்" என்றார். டீ குடிக்கும்போது என் பக்கத்தில் வந்து நின்றார்.

"அவர்கிட்ட எதுவும் சொல்லிடாதீங்க. நான் வெளியூர்ல ஒருத்தர்கிட்ட மாத்திக்கிறேன். பாவம், வயசாகுதுல்ல."

"நீங்களே சொல்லலாமே?"

"நானா? என் வண்டியே அவர் போட்ட பிச்சை."

பூனைக்கு யார் மணி கட்டுவது என்கிற கதைதான். ஆறு எலி, ஒன்றுக்கும் வாய் வரவில்லை. நான் ஏழாவது.

என் பல் லேப் இருக்கிற கட்டடம் முழுக்க டாக்டர்கள்தான். மூன்றாவது மாடியில் காது டாக்டர். அவரிடம் யாருக்கோ என்று சொல்லிக் கேட்டேன். "சத்தத்துல வேலை செஞ்சவங்களுக்கு மெல்லிசான சத்தம்தான் முதல்ல போகும். தடிச்ச சத்தம் நல்லாவே கேக்கும். அதனால அவங்களுக்கே தெரியாது. மத்தவங்க சொன்னாத்தான் உண்டு" என்றார். மத்தவங்க என்றதும் என் முகம் எப்படிப் போயிற்று என்று தெரியவில்லை. "யாருங்க, உங்களுக்கா?" என்று கேட்டார்.

அத்தானும் தன் காதைச் சோதிக்காமல் இல்லை. அதுதான் கொடுமை. வயசாகிறதே என்று மாதம் ஒரு தரம் இத்தாலிக்காரியைக் கிளப்பி நிறுத்திவிட்டு, தெரு முனை வரை இருநூறு அடி நடந்து போய், முதுகைக் காட்டிக்கொண்டு நின்று, கைக்கடிகாரத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் எஞ்சினின் ஒவ்வொரு அடியும் கேட்கிறதா என்று கவனிப்பார். ஒன்றுகூடத் தவறாது. "பாத்தியா மாப்ள, சின்னப் பையன் காது" என்று தட்டிக் காட்டுவார். அந்த எஞ்சினின் அடியைச் செவிடன்கூட வயிற்றால் கேட்பான். எது தன் காதைத் தின்றதோ அதையே கூப்பிட்டுச் சாட்சி சொல்ல வைத்துக்கொண்டிருந்தார். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சரிதான்.

வக்கீல் போன வருஷம் விழுந்தார். அவருடைய கியரையும் அத்தான்தான் அதற்கு ஆறு மாதம் முன்பு சரிசெய்திருந்தார். பேக்கரிக்காரர் போல வெளியூர் போக வக்கீலுக்கு நேரம் இல்லை, போகட்டும் என்று ஊளையோடே ஓட்டினார். பாலத்து ஏற்றத்தில் பல் உடைந்து பின்சக்கரம் பூட்டிக்கொண்டது. தோள்பட்டை எலும்பும் மூன்று விலா எலும்பும் போயின. பின்னால் வந்த லாரிக்காரன் நல்லவன், பிரேக் பிடித்துவிட்டான். ஆஸ்பத்திரியில் அத்தான் வக்கீலின் கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து, உடைந்த பல்சக்கரத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வார்ப்புல குத்தம் இருந்திருக்கு சார். உள்ளுக்குள்ள விரிசல்."

"ஆமா சார். என் தலையெழுத்து" என்றார் வக்கீல். குதிரை கீழே தள்ளியதும் அல்லாமல் குழியும் பறித்ததாம் என்பார்கள். இங்கே விழுந்தவரே குழி பறித்து உண்மையைப் புதைத்தார்.

வெளியே படிக்கட்டில் வேன்காரர் என்னைப் பிடித்துக்கொண்டார். தினமும் நாற்பது பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறவர். மெதுவாகத்தான் பேசுவார்.

"எஞ்சின்ல தப்பு வந்தா ஒரு ஆள் விழறான். லிஃப்ட்டுல எத்தனை பேர் சார் ஏறுவாங்க?"

அதுவரை நான் அதை நினைக்கவே இல்லை என்று சொன்னால் பொய். நினைத்து, நினைத்து, பக்கத்தில் தள்ளி வைத்திருந்தேன்.

நேரே அக்கா வீட்டுக்குப் போனேன். அத்தான் வேலைக்குப் போயிருந்தார். அழைப்பு மணியை அழுத்தினேன், டொங்கென்று அடி வயிற்றிலிருந்து ஒரு சத்தம் வந்தது. முன்பெல்லாம் அந்த வீட்டு மணி குருவி மாதிரி கத்தும். உள்ளே போய்ப் பார்த்தால் அலாரக் கடிகாரம் மாறியிருந்தது, போன் மணி மாறியிருந்தது, விசில் அடிக்கிற கெட்டிலைக் காணோம். எல்லாம் தடித்த சத்தமாக இருந்தன. அக்கா துணி இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமா?" என்றேன்.

எதை என்று அவள் கேட்கவில்லை. சட்டைக் கையைத் திருப்பிப் போட்டுத் தேய்த்தாள்.

"நாலு வருஷமா தெரியும். முகத்தைப் பாத்து, குரலை இறக்கிப் பேசணும். அப்பத்தான் புரியுது. நான் ரொம்பப் பொறுமையா மாறிட்டேன்னு அவருக்குச் சந்தோஷம்."

"அக்கா, லிஃப்ட்."

"ரிட்டயர் ஆக பதினாலு மாசம்தான்டா இருக்கு. பதினாலே மாசம்."

"பென்ஷனுக்காகவா?"

இஸ்திரிப் பெட்டியை நிறுத்தி வைத்தாள். "பென்ஷன் கிடக்குது. அவருக்கு வேற என்ன இருக்கு சொல்லு. படிப்பு பெருசா இல்ல, பேச்சு சாமர்த்தியம் இல்ல, புள்ளைகுட்டி இல்ல. அந்தக் காது ஒண்ணுதான். அது போச்சுன்னு சொன்னா ஆளே போயிடுவாரு. நீ சொல்ல மாட்டேன்னு என் தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணு."

பண்ணினேன். அவள் தலைமுடி எண்ணெய் என் உள்ளங்கையில் ஒட்டியது. அவள் மேல் இருந்த பாசம் ஒரு பக்கம். வாக்குக் கொடுத்துவிட்டால் இனி முடிவெடுக்கிற வேலை எனக்கு இல்லை என்கிற நிம்மதி இன்னொரு பக்கம். இரண்டில் எது பெரிது என்று கேட்டால் இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எங்கே லிஃப்ட்டைப் பார்த்தாலும் உள்ளே ஒட்டியிருக்கும் சான்றிதழில் யார் கையெழுத்து என்று பார்க்கிற பழக்கம் வந்தது. பாதிக்குப் பாதி அத்தான்தான். துணிக்கடையில், ஹாஸ்டலில், வங்கியில். அழகான கையெழுத்து, கடைசி எழுத்தில் ஒரு சுழி.

என் லேப் ஆறாவது மாடி. எங்கள் கட்டடத்து லிஃப்ட் கிழட்டு லிஃப்ட். சில மாதங்களுக்கு முன் அது நிற்கும்போதெல்லாம் கீச்சென்று ஒரு சத்தம் வர ஆரம்பித்தது. மெல்லிசு, ஆனால் பல் கூசும். வருடாந்திர ஆய்வுக்கு நாள் வந்தது. வியாழக்கிழமை காலையில் கீழே அந்த ஒற்றை சிலிண்டரின் டக்டக் கேட்டது. யார் வருகிறார்கள் என்று நான் எட்டிப் பார்க்கவே வேண்டியிருக்கவில்லை.

மோட்டார் அறைக்கு நானும் கூடவே ஏறினேன். கண்ணால் பார்த்தாவது பிடித்துவிடுவார் என்று ஒரு நப்பாசை. அவர் சுவரில் சாய்ந்து கண்ணை மூடினார். வாட்ச்மேன் லிஃப்ட்டை ஏற்றினான். கீச். இறக்கினான். கீச். மூன்றாம் தரம், நாலாம் தரம். அத்தான் முகத்தில் ஒரு சாந்தம். தூங்குகிற குழந்தை முகம்.

"கழட்டிப் பாக்கலையா அத்தான்?" என்றேன், முகத்தைப் பார்த்து, குரலை இறக்கி.

"கழட்டறவங்க காது இல்லாதவங்க மாப்ள" என்று சிரித்தார். "வெண்ணெய் மாதிரி இருக்கு. கிழவி இன்னும் பத்து வருஷம் ஓடுவா."

படிவத்தில் கையெழுத்துப் போட்டார். புதிய சான்றிதழை லிஃப்ட்டுக்குள் ஒட்டி, கைக்குட்டையால் அழுத்தித் தேய்த்துவிட்டார். கீழே போக எனக்காகக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றார். லேப்பில் வேலை இருக்கிறது என்றேன். அவர் இறங்கிப் போனார். தரைத்தளத்தில் கதவு திறக்கிற சத்தம் கேட்கும் வரை மூச்சுவிடாமல் நின்றேன்.

அன்றிலிருந்து நான் படியில் ஏறினேன்.

இதை எழுதக் கை கூசுகிறது. நான் மட்டும் ஏறினேன். காது டாக்டரிடம் வருகிற கிழவர்கள், குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற தாய்மார்கள், எல்லா மாடியும் துடைக்கிற, முழங்கால் வீங்கிய பெரியம்மா, எல்லோரும் லிஃப்ட்டில் போனார்கள். "என்ன சார், உடம்பைக் குறைக்கிறீங்களா?" என்று வாட்ச்மேன் கேட்டான். ஆமாம் என்றேன். மூன்று வாரம். அக்கா தலையில் அடித்த சத்தியம், அத்தானுடைய பெயர், பதினாலு மாதத்தில் இன்னும் மிச்சம் இருந்த ஐந்து மாதம், எல்லாம் சொல்லிக்கொள்ள நன்றாகத்தான் இருந்தன. என் உயிர் என்று வந்தபோது மட்டும் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு.

நான்காவது வாரம் திங்கட்கிழமை பத்தரை மணி. பல் அச்சு எடுக்கிற மாவு, பத்துக் கிலோ மூட்டை, தோளில். நான்காவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றேன். மேலிருந்து அத்தான் படியில் இறங்கி வந்தார். பக்கத்துத் தெருவில் ஏதோ ஆய்வாம். என்னைப் பார்க்கலாம் என்று வந்து, லேப் பூட்டியிருக்கவே இறங்குகிறார்.

"லிஃப்ட் நின்னுடுச்சா?" என்றார்.

"இல்ல, ஓடுது."

மூட்டையைப் பார்த்தார். என் வியர்வையைப் பார்த்தார்.

"வாட்ச்மேன் சொன்னான், மூணு வாரமா நீ படியிலதான் ஏறுறியாமே. அதைக் கேட்டுட்டுத்தான் நானும் படியில வந்தேன். மூணு வாரத்துக்கு முன்னாடிதானே நான் வந்து பாத்துட்டுப் போனேன்?"

நான் மூட்டையை இறக்கி வைத்தேன்.

"நான் கையெழுத்துப் போட்ட லிஃப்ட்டுல நீ ஏற மாட்டேங்கிற" என்றார். கேள்வியாகக் கேட்கவில்லை. இயந்திரத்தில் பழுதைச் சொல்கிற அதே குரல்.

அந்த நேரம் சுவருக்குப் பின்னால் லிஃப்ட் கீழிருந்து வந்து நான்காவது மாடியில் நின்றது. கீச்.

"இப்ப கேட்டுச்சா அத்தான்?"

"என்னது?"

கதவு திறந்து, துடைக்கிற பெரியம்மா வாளியோடு வெளியே வந்தார். எங்களைப் பார்த்ததும், "சார், நீங்கதானே லிஃப்ட் ஆபீசரு. அதுக்கு எண்ணெய் போடச் சொல்லுங்க. நிக்கும்போதெல்லாம் காது கூசுது" என்று சொல்லிவிட்டு, வாளியை வைத்துத் துடைக்க ஆரம்பித்தார்.

அத்தான் பெரியம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். அவர் உடைந்துபோவார் என்று அக்கா சொன்னாள். நானும் நம்பினேன். அவர் திறந்திருந்த லிஃப்ட்டின் உள்ளே தலையை நீட்டி ஆள் இல்லை என்று பார்த்து, தன் பையைக் கதவிடுக்கில் வைத்து அது மூடாமல் செய்தார். "மேல வா" என்றார். ஐம்பத்தேழு வயதில் மூன்று மாடியும் மொட்டைமாடியும் நிற்காமல் ஏறினார். மெயின் சுவிட்சை இறக்கினார். பிரேக்கின் மூடியைக் கழற்றினார், அவர் கழற்றி நான் பார்த்தது அதுதான் முதல் தரம். ஒரு பக்கம் கட்டையே இல்லை. இரும்பும் இரும்பும் தேய்ந்து பளபளவென்று இருந்தது. விரலை வைத்துத் தடவிப் பார்த்தார். வாட்ச்மேனைக் கூப்பிட்டு ஒவ்வொரு மாடியிலும் லிஃப்ட் ஓடாது என்று பலகை மாட்டச் சொன்னார்.

லேப்புக்கு வந்து உட்கார்ந்ததும் என்னை நேராகப் பார்த்தார்.

"எப்பலேருந்து?"

"பேக்கரிக்காரர் எஞ்சின். ரெண்டு வருஷம்."

"அது ஊளை விட்டுச்சா?"

"ஆமா."

"வக்கீலோடதும்?"

"ஆமா அத்தான்."

"எல்லாருக்கும் கேட்டுச்சா?"

தலையை ஆட்டினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் பாதி உண்மை சொல்லி அலுத்துவிட்டது. "அக்காவுக்கு நாலு வருஷமா தெரியும்."

அவர் அழவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். உதடு மட்டும் அசைந்தது. கணக்குப் போடுகிறார் என்று கொஞ்ச நேரம் கழித்துத்தான் புரிந்தது.

"நானூத்திப் பத்து" என்றார். "என் பேர்ல இருக்கிற லிஃப்ட். ஒண்ணுகூட நான் கழட்டிப் பாக்கல. நாலு வருஷமா கேட்டுட்டுதான் வந்திருக்கேன்." சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "இப்ப மணி பதினொண்ணே கால். எல்லாத்துலயும் ஆள் இருக்கும்."

அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கொடுக்கச் சொன்னார். மேலதிகாரியிடம் தானே பேசினார். எனக்குக் காது கேட்கவில்லை, நாலு வருஷமாகப் போட்ட எந்தக் கையெழுத்தும் செல்லாது, எல்லாவற்றையும் நிறுத்துங்கள் என்று சுருக்கமாகச் சொன்னார். எதிரில் என்ன சொல்கிறார்கள் என்று பிடிபடவில்லை, போனை என்னிடம் நீட்டினார். பதற்றப்பட வேண்டாம், நாளைக்கு எழுத்துமூலமாகக் கொடுங்கள், இதற்கென்று ஒரு முறை இருக்கிறது என்றது அந்தக் குரல். அதை அப்படியே சொன்னேன். அத்தான் சட்டைப் பையிலிருந்து தன் குறிப்பேட்டை எடுத்தார். ஒவ்வொரு கட்டடத்தின் பெயரும் காவலாளியின் போன் எண்ணும் அதில் இருந்தன. பழைய மெஷின்களின் பக்கத்தை முதலில் திறந்து என் முன்னால் வைத்தார்.

"எனக்குப் போன்ல சரியா கேக்காது. நீ போடு. மெயினை இறக்கச் சொல்லு. ஆள் உள்ள இருந்தா வெளிய வந்தப்புறம்."

முதலாவது துணிக்கடை. முகூர்த்த நேரத்து வியாபாரம் என்று முதலாளி கத்தினார், பிறகு நிறுத்தினார். இரண்டாவது ஹாஸ்டல், நிறுத்தியாயிற்று. மூன்றாவது வங்கி, யாரைக் கேட்டு நிறுத்துவது என்றார்கள். தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறோம் என்று தெரிந்தேதான் பிடித்துக்கொண்டிருந்தேன். நிறுத்தியவர்களின் பெயரை அத்தான் ஒரு கோட்டால் அடித்தார். அக்கா இரண்டு தரம் கூப்பிட்டாள், எடுக்கவில்லை.

பதினோராவது ஒரு பிரசவ ஆஸ்பத்திரி. நாலு மாடி. போன மாதம்தான் பார்த்தாராம். ஸ்ட்ரெச்சர் போகிற பெரிய லிஃப்ட் ஒன்றுதான், படி குறுகல், அதனால் எல்லோரும் அதில்தான் போவார்கள் என்றார். எண்ணை அழுத்தினேன். மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மறுபடி அழுத்தினேன்.

அத்தான் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். பேனாவைக் கையில் பிடித்துக்கொண்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்தாங்களா?" என்றார்.

மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"எடுத்தாங்களா மாப்ள?"